எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை

சுங்க அதிகாரி என் பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு பூட்ஸையும் எடுத்து மேசைமேல் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். ஒன்று மற்றதைவிட ஒன்றேகால் அங்குலம் உயரம். பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்க, அவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

"அம்மா, உந்த உயரமான சப்பாத்துக்குள்ளை ஏதும் ஒளிச்சு வச்சிருக்கிறியளோ எண்டு கேக்கிறார்."

"கார்க்தாங்க இருக்கு. ஒரு கால் கொஞ்சம் குட்டையா இருக்கிற சிநேகிதிக்காக நானே தைச்சது."

"கடையிலை வாங்கினதில்லையோ?"

"என் கையால தைச்சது."

அதிகாரி அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். தையலை நகத்தால் நெருடினார். மறுபடி சிங்களம். "தன்ரை அப்பாவுக்கும் இப்பிடி ஒரு சோடி வேணுமாம். நல்ல வேலையாம்" என்றார் மொழிபெயர்த்தவர். நான் அப்படியே இரண்டடி வளர்ந்துவிட்டேன். அந்தப் பெருமை மறுநாள் காலை ஏழு மணி வரைக்கும் தாங்கியது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் முப்பது வருடமாக மருந்தாளுநர். தோல் வேலை என் பொழுதுபோக்கு. ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்திலேயே இருப்பதால் நல்ல தோல் துண்டு எடைக்குக் கிடைக்கும். முதலில் பர்ஸ், பிறகு பை, கடைசியில் துணிந்து பூட்ஸ். வீடு நாறுகிறது என்பார் என் கணவர். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்பார்கள் உறவுக்காரர்கள். 'இந்த வேலை' என்று அழுத்திச் சொல்வதில் என்ன சாதிக்கணக்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வரும் நாளில் வேண்டுமென்றே கூடத்தில் உட்கார்ந்து டொக்கு டொக்கென்று சுத்தியலால் தட்டுவேன்.

மலர் டீச்சரை எனக்குப் போன் வழியாகத்தான் தெரியும். தோல் வேலை செய்பவர்கள் கூடி அரட்டை அடிக்கும் குழு ஒன்றில் சந்தித்தோம். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உரும்பிராயில் இருக்கிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பை தைப்பதில் கெட்டிக்காரர். அவர் தையலில் ஓர் அங்குலத்துக்கு எட்டுப் புள்ளி என்றால் எட்டேதான். நாலு வருடமாக நூல், மெழுகு, சாயம் என்று பேசாத நாளில்லை. அவருக்கு ஒரு கால் குட்டை என்பதும், பத்தொன்பது வயதில் ஷெல் துண்டு பட்டது என்பதும் குழுவில் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவராகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற வருடக் கடைசியில் ஒரு நாள் தயங்கித் தயங்கி ஒரு குரல் செய்தி அனுப்பினார். "அக்கா, நீங்கள் சப்பாத்தும் தைப்பியள்தானே. ஒரு பின்னேரம் முழுக்க நிண்டு நடக்கக்கூடிய மாதிரி எனக்கு ஒரு சோடி செய்யேலுமோ? ஒரு கால் ஒண்டேகால் அங்குலம் கட்டை."

எந்தக் கால் என்று அவர் சொல்லவில்லை. கேட்பதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பேச்சை நீட்டினால் அவர் மனம் புண்படுமோ என்று, தாளில் வரைந்த பாத அளவுகளையும் ஒரு சின்ன வீடியோவையும் மட்டும் அனுப்பச் சொன்னேன். போனைச் சுவரில் சாய்த்து வைத்துத் தானே நடந்து எடுத்து அனுப்பினார். பார்த்தேன். வலது கால். மூன்று மாதம் தைத்தேன். எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி, "உரும்பிராயில இறக்கி விடுங்க" என்று நடத்துனரிடம் சொன்னேன். பூட்ஸ் பெட்டியை ஓட்டுநர் தன் பக்கத்தில், சாமிப் படங்களுக்குக் கீழே வாங்கி வைத்துக்கொண்டார். ஜன்னலோரம் வாழைத்தோட்டம் ஓடியது. எங்கள் ஊர்ப் பக்கம் பாலாறு வெறும் மணலாகக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆறே இல்லாத ஊரில் கிணற்று நீரில் இத்தனை பச்சை என்பது நம்பச் சிரமமாக இருந்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

"அம்மா, நீங்கள் உரும்பிராயிலை இறங்கேல்லையே?" என்று நடத்துனர் பதறியது புத்தூர்ச் சந்தியில். நீர்வேலியையும் தாண்டி வந்திருந்தோம். "நான் கத்தினனான். நீங்கள் வாழைக்குலையைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்." என்னைத் திட்டியபடியே ஓட்டுநரிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கி, சாலையின் எதிர்ப்பக்கம் அழைத்துப்போய், திரும்பி வந்த பஸ்ஸை மறித்து ஏற்றி, அந்த நடத்துனரிடம் "இவவைக் கவனமா இறக்கு, வேடிக்கை பாத்துக்கொண்டு இருந்திடுவா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதுவரை அவருடைய பஸ் ஒரு பஸ் நிறைய ஆட்களோடு எனக்காக நின்றது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊரில் இந்நேரம் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள்.

மலர் டீச்சர் வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். தலை நரைத்திருந்தது, கண் சிரித்துக்கொண்டே இருந்தது. எழுந்து முன்னே நடந்து உள்ளே கூட்டிப்போனார். நான் அவர் காலைப் பார்க்காமல் கூரையையும் கிறிஸ்துவின் படத்தையும் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். அது மரியாதை என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறந்து பூட்ஸை அவர் மடியில் வைத்தேன். தேன் நிறத் தோல், கணுக்கால் வரை வரும் உயரம், முன்பக்கம் கயிறு. ஒன்றைக் கையில் எடுத்தார். மற்றதை எடுத்தார். இரண்டையும் சேர்த்து வைத்தார். ஒரு கணம் முகம் வெறுமையாகிவிட்டு மறுபடி சிரிப்பு வந்தது.

"நல்ல வடிவாய் இருக்கு அக்கா. எவ்வளவு மினக்கெட்டிருப்பியள்!"

"போட்டுப் பாருங்க டீச்சர்."

"சனிக்கிழமை போடுறன். அண்டைக்குத்தான் தேவை. இப்ப புட்டு ஆறப்போகுது, வாங்கோ."

சனிக்கிழமை தன் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவிகளுக்கும் இப்போதைய பள்ளிக்கூட அணிக்கும் நெட்பால் எனப்படும் வலைப்பந்துப் போட்டி என்று சாப்பிடும்போது சொன்னார். ஷெல் விழுவதற்கு முன் அவர் அந்தப் பள்ளிக்கூட அணியில் ஆடியவர். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு போட்டியிலும் அவரை ஒரு கதிரையில் உட்கார்த்தி, புள்ளி எழுதும் கொப்பியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த வருடம் அவராகவே கேட்டிருக்கிறார், நடுவராக நிற்கிறேன் என்று. நடுவர் என்றால் ஆட்டம் முடியும்வரை கோட்டோரமாகப் பந்தோடு ஓடவேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்களாம். அவரிடம் இருந்த உயரம் வைத்த சப்பாத்தில் மெல்ல நடக்கத்தான் முடியும், வேகமாகத் திரும்பினால் கணுக்கால் புரளும். அதற்காகத்தான் கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ். நான் கத்தரிக்காய்ப் பால்கறியை இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன்.

வியாழன் காலை ஏழு மணி. எனக்காக லீவு போட்டிருந்த டீச்சர் கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே போயிருந்தார். நான் துண்டோடு போனேன். கிணற்றிலிருந்து சமையலறை வரை போட்டிருந்த சிமெந்துத் தரையில் அவருடைய ஈரக் காலடிகள் காயாமல் இருந்தன. வலது பாதம் முழுசாக, குதிகாலோடு பதிந்திருந்தது. இடது பாதத்துக்கு முன்பாதி மட்டும். ஐந்து விரலும் கொஞ்சம் உள்ளங்காலும். வாசல்படி வரை அப்படியே.

நான் துண்டைக் கீழே போட்டுவிட்டேன். குட்டையான கால் இடது கால்.

ஓடிப்போய்ப் போனில் அந்த வீடியோவைப் போட்டேன். இந்தத் தடவை காலைப் பார்க்காமல் பின்னால் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். எண்களெல்லாம் திரும்பியிருந்தன. முன்பக்கக் கேமராவில் எடுத்தால் அவர் போன் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இடத்தை வலமாக்கிப் பதிகிறது. மூன்று மாதம் தைத்தவளுக்கு அந்த நாட்காட்டியை ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லை.

சமையலறைக்குப் போனேன். பாண் ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நேத்து கையில எடுத்தவுடனே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சில்ல?"

உலக்கை நின்றது. "என்னது அக்கா?"

"கால் மாறிப்போனது."

உலக்கையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"சனிக்கிழமை என்ன செய்றதா இருந்தீங்க?"

"காய்ச்சல் எண்டு ரஞ்சிக்குச் சொல்லலாம் எண்டு..." ரஞ்சி, டீச்சர் ஆடிய பழைய அணியின் தலைவி. "நீங்கள் கடல் தாண்டிக் கொண்டு வந்தனீங்கள். பிழையெண்டு எப்பிடி முகத்துக்கு நேரை சொல்லிறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. முப்பது வருடமாகக் காத்திருந்த ஒன்றை, என் மனம் கோணக்கூடாது என்று விட்டுக்கொடுக்க இருந்திருக்கிறார்! "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அப்பவே எடதுகால்னு ஒரு வார்த்தை?" என்று கத்தினேன்.

"நீங்கள் ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?" அவரும் கத்தினார். "நாலு வருஷமாக் கதைக்கிறம். ஊசி என்ன சைஸ் எண்டு பத்துத் தரம் கேட்டனீங்கள். எந்தக் கால் எண்டு ஒருக்காக் கேட்டனீங்களோ?"

இரண்டு பேரும் தேங்காய்ச் சம்பலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சிரித்தது அவர்தான்.

"சரி, காட்டுங்க" என்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டினார். முதல்முறையாகப் பார்த்தேன். தொட்டுப் பார்த்தேன், அளந்தேன். முழங்காலுக்குக் கீழே தழும்பு நீளமாக இறங்கியிருந்தது. குதிகாலை அமுக்கி வலிக்குதா என்று கேட்டேன். "உதிலை இல்லை, எப்பன் மேலை" என்று சற்று மேலே விரல் வைத்துக் காட்டினார்.

நல்லவேளையாக உயரத்தை நான் அடியில் ஒட்டித்தான் செய்திருந்தேன். மேல்தோல் அப்படியே இருக்க, அடியில் உள்ள கார்க்கை மட்டும் வலதிலிருந்து கழற்றி இடதில் ஒட்டவேண்டும். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக் காட்டி, மழுங்கின கத்தியால் மெல்ல நெம்பினோம். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் தனித்தனியாக வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: கார்க் வலது பாத வடிவில் வெட்டியது. இடதுக்கு எப்படிப் பொருந்தும்? புதுக் கார்க்குக்கு இங்கே எங்கே போவது? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் அந்தக் கார்க்கை வாங்கினார், புரட்டிப் போட்டார். அவ்வளவுதான். வலது பாதம் இடது பாதம் ஆகிவிட்டது.

"ஏழாம் வகுப்புக் கணக்கு அக்கா" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். நடக்கும்போது தடுக்காமல் இருக்க விரல் பக்கம் அடியில் சரிவாகச் சீவியிருந்தேன். புரட்டியதும் அந்தச் சரிவு மேலே வந்து பள்ளமாகிவிட்டது. அவர் பை தைத்து மிஞ்சிய தோல் துண்டுகளைக் கொண்டுவந்தார். சிவப்பு, கறுப்பு, பச்சை. ஒவ்வொன்றாக அடுக்கி ஒட்டிப் பள்ளத்தை நிரப்பி, அடியில் புதிதாகச் சீவினோம். பக்கவாட்டில் பார்த்தால் வர்ணக்கோடு மாதிரித் தெரிந்தது. எனக்கு அது அசிங்கமாகப் பட்டது. அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இறுதியாக ஒட்டுவதற்குப் பசை போதவில்லை. ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் போனோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடையின்கீழ் செருப்புத் தைப்பவர் ஒருவர் இருந்தார், கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர். பூட்ஸை நீட்டி விஷயத்தைச் சொன்னோம். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல்வேலை நல்லம். நீங்கள் பழகின கைதான்" என்றார் என்னிடம். "கால் எது எண்டு கேக்கேல்லையோ?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா மனசு கஷ்டப்படுமோன்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இஞ்சை வாற ஆக்களிட்டை நான் முதல் கேக்கிறதே அதுதான். கால் ஏலாத ஆக்கள் எத்தினை பேர் வருகினம். கேக்காமல் என்னெண்டு செய்யிறது? கேட்டால் ஒருத்தரும் கோவிக்கிறேல்லை. வடிவா விசாரிக்கிறான் எண்டுதான் திரும்பி வருகினம்." சொல்லிக்கொண்டே தன் தகரத்திலிருந்து பசையை ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். பூசி இருபது நிமிடம் விட்டு ஒட்டவேண்டும், ஒரு முழு நாள் பாரத்தில் இருக்கவேண்டும் என்றார். நான் செய்வது பொழுதுபோக்கு, அவர் செய்வது தொழில் என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது.

பின்னேரமே ஒட்டி அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தோம்.

வெள்ளிக்கிழமை முழுவதும் பசை காயவேண்டும் என்பதால் டீச்சர் என்னைப் பருத்தித்துறைக்கு ரஞ்சி வீட்டுக்குக் கூட்டிப்போனார். தலைமுறைகளாகக் கடலோடிய குடும்பம். முற்றத்தில் வலை, சுவரில் முருகன், அடுப்பில் நண்டு. ரஞ்சிக்கு ஐம்பத்தைந்து வயது, ஆள் தேக்கு மரம்தான். நாளை ஆடப்போகும் பழைய மாணவிகளுக்கு அவர்தான் இன்னும் தலைவி. நண்டுக் குழம்பின் காரத்தில் எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஆறாக ஓடியது. வேலூர்க்காரி காரத்துக்கு அழுதேன் என்று வெளியே சொல்லவேண்டாம்.

புறப்படும்போது ரஞ்சி டீச்சரின் தோளில் கை போட்டார். "எடி மலர், ஏலாட்டி நடுவிலை சொல்லு, என்ன? கதிரை ஒண்டு கோட்டடியிலை போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறன். ஒருத்தரும் ஒண்டும் நினைக்காயினம்."

"ஓம்" என்றார் டீச்சர். திரும்பும்போது, பஸ் படியில் நான் நீட்டிய கையைப் பிடிக்காமல் ஏறினார்.

சனிக்கிழமை காலை அம்மிக்கல்லை எடுத்தோம். டீச்சர் பூட்ஸைப் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். எழுந்தார். இடுப்பு நேராக நின்றது. முற்றத்தில் நாலு தரம் நடந்தார், ஐந்தாம் தரம் சட்டென்று திரும்பினார். கணுக்கால் புரளவில்லை. நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் மூன்று மணி. மண் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மர நிழலில் தின்ன றோல்ஸும் குடிக்கப் பிளேன்ரீயும். நடுவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பாதித் திடல். டீச்சர் விசிலை ஊத, ஆட்டம் தொடங்கியது.

ஐந்து நிமிடத்தில் எனக்கே விளங்கிவிட்டது. பந்து கைக்கு வந்ததும் ஒவ்வொருத்தியும் கோட்டோரத்தை ஒரு பார்வை பார்க்கிறாள். டீச்சர் வந்து சேர்ந்த பிறகுதான் எறிகிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்படி. ரஞ்சியும் அப்படி. எவ்வளவு நல்ல மனசு என்று நான் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்போது டீச்சரின் முகத்தைப் பார்த்தேன்.

நீளமாக ஒரு விசில். எல்லோரையும் நடுவுக்குக் கூப்பிட்டார்.

"என்னைப் பாத்துப் பாத்து விளையாடுறியள். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ? பந்துக்குப் பின்னாலை ஓடிறதுதான் என்ரை வேலை. எனக்காகப் பந்து நிக்கிறதெண்டால் நான் இஞ்சை என்னத்துக்கு? ரஞ்சி, உனக்கும்தான் சொல்லுறன்."

ரஞ்சி தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். பந்து பறந்தது. டீச்சர் பின்தங்கினார், எட்டிப் பிடித்தார், மறுபடி பின்தங்கினார். மூச்சு வாங்கியது, ஆனால் விசில் ஓயவில்லை. வலைப்பந்தில் பந்தைப் பிடித்தபோது ஊன்றிய காலைத் தூக்கலாம். எறிவதற்கு முன் மறுபடி ஊன்றினால் பிழை. அதில் அவர் ஒருத்தரையும் விடவில்லை. தன் வகுப்புப் பிள்ளைகளையே மூன்று முறை பிடித்தார்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் இரண்டு பக்கமும் புள்ளி சமம். கோல் போடும் வட்டத்துக்கு வெளியே ரஞ்சி எட்டிப் பந்தைப் பிடித்தார். அந்தப் பக்கம் விரைந்த டீச்சர் தடுக்கி முகம் குப்புற விழுந்தார். புழுதி எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் முதலில் பார்த்தது அவரை இல்லை, பூட்ஸின் அடியை. ஒட்டு விடவில்லை. அதற்குப் பிறகுதான் எழுந்து ஓடப் போனேன். திடல் முழுவதும் அசையாமல் நின்றது. யாரோ கதிரையைத் தூக்கிவிட்டார்கள்.

தரையிலிருந்து விசில் கேட்டது.

டீச்சர் படுத்தபடியே கையை நீட்டி ரஞ்சியைக் காட்டினார். "கால் பிழை. பந்து மற்றப் பக்கம்."

"எடி! விழுந்து கிடக்கிற உனக்கு என்ரை கால் தெரிஞ்சதே?"

"கீழை கிடந்து பாக்கேக்கைதான் ரஞ்சி கால் நல்லாத் தெரியும். பந்தை வை."

ரஞ்சி பந்தை வைத்தார். கதிரையைத் தூக்கியவர் கீழே இறக்கினார். நானும் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடக்கித் தானாக எழுந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து பந்தை எடுத்தாள். டீச்சரை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் நடுத் திடலுக்கு ஓங்கி எறிந்தாள். டீச்சர் புழுதியைத் தட்டாமல் அதன் பின்னால் ஓடினார்.